ரோமானிய வெண்கலக் காசில் சாமிக்கு என்ன வேலை?

தராசு பிடித்த ஒரு பெண் நிற்கும் ரோமானியக் காசின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, நீதிமன்றத்தில் நிற்கும் நீதிதேவதைதான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் கட்டு இல்லையே என்று ஒரு சின்ன சந்தேகம் மட்டும் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அவளுக்கும் வழக்கு வாய்தாவுக்கும் சம்பந்தமே இல்லை. அவள் பெயர் ஏக்விட்டாஸ். எடை சரி, பங்கு சரி, இதில் ஏமாற்று கிடையாது என்று சொல்ல நிற்பவள். தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது அல்லவா? அந்த இரண்டாவது நாணயத்தைப் பெண்ணாக்கி முதல் நாணயத்தின் பின்பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

ரோமானியக் காசுகளைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். சாமி படம் இருக்கிறது, ஆகவே இது பக்தி என்று எடுத்துக்கொள்கிறோம். நம் பூஜையறைப் படத்தைப் போல அதை யாரும் கும்பிடவில்லை. தெய்வங்களோடு நம் உறவு நல்லபடியாக இருக்கிறது, அந்த உறவைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான்தான் என்று ஆட்சியில் இருப்பவர் ஊருக்குச் சொல்லும் செய்தி அது. தங்கக் காசிலும் வெள்ளிக் காசிலும் இதே செய்தி உண்டு. ஆனால் வெண்கலம்தான் சாதாரண ஆளின் கைக்கு வந்தது, அதனால் நாம் அதைப் பார்ப்போம்.

வெண்கலம் என்று சொன்னாலும் எல்லாம் வெண்கலம் இல்லை. முதல் பேரரசர் அகஸ்டஸ் காசு முறையைத் திருத்தி அமைத்த பிறகு (கி.மு. 23-ஐ ஒட்டி) பெரிய காசான செஸ்டர்ஷியஸும் அதில் பாதி மதிப்புள்ள டுபோண்டியஸும் பித்தளை, அதற்குக் கீழே இருந்த அஸ் என்ற காசு செம்பு. சேகரிப்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து வெண்கலம் என்றே சொல்லிவிடுகிறார்கள். இன்று அருங்காட்சியகத்தில் பச்சைக் களிம்பு ஏறிக் கறுத்துக் கிடக்கும் செஸ்டர்ஷியஸ், அச்சடித்த புதிதில் கிட்டத்தட்டத் தங்கம் போல மின்னியிருக்கும். எடை சுமார் 25 கிராம், அதாவது நம் பத்து ரூபாய் நாணயம் மூன்றைக் கையில் அடுக்கிவைத்த கனம். படம் செதுக்கத் தாராளமாக இடம் இருந்ததால், ரோமானிய அச்சுச் செதுக்குபவர்களின் ஆகச் சிறந்த வேலையை நான் தங்கத்தில் அல்ல, இந்தப் பித்தளையில்தான் பார்க்கிறேன். நான்கு அஸ் ஒரு செஸ்டர்ஷியஸ், நான்கு செஸ்டர்ஷியஸ் ஒரு வெள்ளி டெனாரியஸ். பொம்பெய் நகரச் சுவர் ஒன்றில் ஒரு மதுக்கடையின் விலைப்பட்டியல் கிடைத்திருக்கிறது: ஒரு அஸ் கொடுத்தால் குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் நல்லதாகக் குடிக்கலாம், நான்கு கொடுத்தால் உயர்ரகமான ஃபலெர்னியன் மது. தெய்வங்கள் புழங்கிய இடம் இப்படிப்பட்டதுதான்.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். பேரரசர்களுக்கு முந்தைய குடியரசுக் காலத்தில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அஸ் என்பது அச்சில் உருக்கி வார்த்த ஒரு கனத்த வெண்கல வட்டு. முன்பக்கம் ஜேனஸ், அதாவது இரண்டு முகம் கொண்டு முன்னும் பின்னும் பார்க்கும் வாசல் தெய்வம். பின்பக்கம் ஒரு கப்பலின் முனை. அதைவிடச் சின்னக் காசுகளில் சனி, மினர்வா, ஹெர்குலிஸ், மெர்குரி என்று தலைகள் மாறும், ஆனால் பின்பக்கம் எல்லாவற்றுக்கும் அதே கப்பல்தான். மதிப்பைக் காட்டப் புள்ளிகள் வைத்தார்கள். நான்கு புள்ளி என்றால் மூன்றில் ஒரு பங்கு அஸ், மூன்று புள்ளி என்றால் கால் அஸ். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் மினர்வாவும் நான்கு புள்ளியும் போதும்.

நாம் காசைச் சுண்டிவிட்டு 'பூவா தலையா' என்று கேட்கிறோமே, ரோமானியச் சிறுவர்கள் 'தலையா கப்பலா' என்று கத்தினார்களாம். கப்பல் போட்ட காசு புழக்கத்தை விட்டுப் போன பின்னும் அந்தக் கூச்சல் மட்டும் நிற்கவில்லை என்கிறார் மக்ரோபியஸ் என்ற பிற்கால எழுத்தாளர். கவிஞர் ஓவிட் இதையே ஜேனஸிடம் நேரில் கேட்பது போல எழுதியிருக்கிறார்: ஏனய்யா உன் காசில் ஒருபக்கம் கப்பல், மறுபக்கம் இரட்டைத் தலை? அதற்கு ஜேனஸ் சொல்லும் பதிலில் ஒரு குறும்பு உண்டு. அந்த இரட்டை முகத்தைப் பார்த்தே நீ என்னை அடையாளம் கண்டிருக்கலாம், காலம் அதைத் தேய்க்காமல் விட்டிருந்தால் என்கிறார். தேய்ந்த காசோடு மல்லுக்கட்டும் எவருக்கும் இந்த வரி புரியும். கப்பலுக்குக் காரணமாக அவர் சொல்வது, சனி என்ற பழைய தெய்வம் இத்தாலிக்குக் கப்பலில் வந்து சேர்ந்தது என்ற கதை.

காசு அடித்த இடமும் கோயிலை ஒட்டித்தான் இருந்தது. ரோமின் கேப்பிட்டல் குன்றில் ஜூனோ மொனேட்டாவின் கோயில், கி.மு. 344-இல் கட்டியது. அதன் பக்கத்தில் அக்கசாலை. அந்த மொனேட்டா என்ற பெயர்தான் சுற்றிச் சுற்றி ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் காசுக்கும் அக்கசாலைக்கும் பெயராகிவிட்டது. நாம் அன்றாடம் சொல்லும் 'மணி பர்ஸ்', 'மணி ஆர்டர்' இரண்டிலும் அந்த அம்மன்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது பேரரசுக் காலத்துக் காசு ஒன்று உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பக்கம் பேரரசர் தலை, சுற்றிலும் அவருடைய பட்டங்கள். பின்பக்கம் பெரும்பாலும் ஒரு பெண், நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ. பெரிய எழுத்தில் எஸ், சி என்று இரண்டு எழுத்து இருந்தால் பயப்பட வேண்டாம், அது தெய்வத்தின் பெயர் இல்லை. செனட்டின் தீர்மானப்படி என்று பொருள். அந்தப் பெண் யார் என்று கண்டுபிடிக்க முகத்தைப் பார்த்துப் பயனில்லை, எல்லோருக்கும் ஒரே முகம். கையைப் பாருங்கள். கோயில் தூணில் வேலைப் பார்த்து முருகன் என்றும் சங்கு சக்கரத்தைப் பார்த்துப் பெருமாள் என்றும் நாம் சொல்கிறோமே, அதே வழிதான். கையில் கப்பலின் சுக்கானும் பழம் நிறைந்த கொம்பும் இருந்தால் ஃபோர்ச்சூனா, அதிர்ஷ்டம். உலகத்தைத் திருப்புகிறவள் என்பதால் சுக்கான். தானியக் கதிரும், பின்னால் கப்பல் முனையும் தெரிந்தால் அன்னோனா, அதாவது ரோம் நகரத்துக்குக் கப்பலில் வந்திறங்கும் உணவு தானியம். தானியக் கப்பல் தாமதமானால் ரோமில் கலவரம்தான், அதனால் அன்னோனாவைக் காசில் போடுவது பேரரசர்களுக்குக் கொஞ்சம் வயிற்றுப் பிரச்சினையும்கூட. ஒலிவக் கிளை இருந்தால் பாக்ஸ், அமைதி. ஒரு கையில் பூவை நீட்டி, மறுகையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பது போல உடையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் ஸ்பெஸ், நம்பிக்கை. இளவரசர்களின் காசில் இவளை அடிக்கடி பார்க்கலாம், அடுத்த ராஜா தயார் என்று அர்த்தம்.

எனக்குப் பிடித்தவள் சலுஸ். உடல்நலம், பாதுகாப்பு, பிழைத்திருத்தல் எல்லாம் சேர்ந்த ஒரு சொல் அது. ஒரு பலிபீடத்தைச் சுற்றி எழும் பாம்புக்குக் கிண்ணத்திலிருந்து ஊட்டிக்கொண்டிருப்பாள். புற்றுக்குப் பால் ஊற்றும் ஊரில் பிறந்த நமக்கு இந்தப் படத்தில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஐரோப்பியர்கள்தான் குழம்பியிருப்பார்கள். வைத்திய தெய்வமான ஈஸ்குலேப்பியஸின் பாம்பு அது. பேரரசர் நோயிலிருந்து எழுந்தாலோ, சதியிலிருந்து தப்பினாலோ சலுஸ் காசில் வந்துவிடுவாள். இவளையும் இந்தப் பாம்பையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இவர்கள் எல்லாம் வெறும் உருவகம்தானே, பள்ளிப் பாடப்புத்தகத்தில் 'அறியாமை என்னும் அரக்கன்' என்று போடுவார்களே அதுபோல, என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஒற்றுமைக்கு, அதாவது கான்கார்டியாவுக்கு, ரோமின் நடுச் சதுக்கமான ஃபோரத்திலேயே கோயில் இருந்தது. ஸ்பெஸுக்குக் காய்கறிச் சந்தைப் பக்கம் ஒரு கோயில். வாக்குத் தவறாமைக்கு, ஃபிடெஸ் என்ற பெயரில், கேப்பிட்டல் குன்றிலேயே கோயில். பலி கொடுத்தார்கள், விழா எடுத்தார்கள். நற்குணமும் தெய்வமும் இரண்டு தனித்தனிப் பொருள் என்ற கோடு அவர்களுக்கு நம்மைப் போல அழுத்தமாக விழவில்லை.

பேரரசரும் இந்தப் படங்களுக்குள் நுழைகிறார், முதலில் பூசாரியாக. ரோமில் பலி கொடுப்பவர் தன் மேலாடையின் ஓரத்தை இழுத்துத் தலையை மூடிக்கொள்வது வழக்கம், ஆகவே காசில் முக்காடு போட்ட ஆண் தெரிந்தால் அவர் சடங்கில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். பேரரசர் கலிகுலாவின் செஸ்டர்ஷியஸ் ஒன்றில் மாலை தொங்கவிட்ட ஆறு தூண் கோயிலின் முன்னால் அவர் இப்படித்தான் நிற்கிறார், பக்கத்தில் பலிக் காளை, காசின் மறுபக்கம் பியெட்டாஸ் என்ற கடமையுணர்வின் உருவம். அந்தக் கோயில் அவருடைய கொள்ளுத் தாத்தா அகஸ்டஸுக்கு எழுப்பியது. இன்னொரு காசில் தன் மூன்று தங்கைகளையும் நிற்கவைத்து, பெயரும் எழுதி, கையில் தெய்வங்களின் பொருள்களைக் கொடுத்திருக்கிறார். உயிரோடு இருக்கும் பெண்கள் மூவர் செக்யூரிட்டாஸ், கான்கார்டியா, ஃபோர்ச்சூனா ஆகிவிட்டார்கள். கலிகுலாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், காசை வீணாக்கவில்லை.

நீரோவின் காசு இன்னும் சுவையானது. ஜேனஸின் கோயில் கதவுக்கு ஒரு விதி உண்டு: போர் நடந்தால் திறந்திருக்கும், எங்கும் அமைதி என்றால்தான் மூடலாம். மூடும் சந்தர்ப்பம் அபூர்வமாகத்தான் வாய்த்தது. நீரோவின் காலத்தில், கிழக்கே ஈரானை ஆண்ட பார்த்தியர்களோடு ஆர்மீனியாவைப் பற்றி உடன்பாடு வந்ததும், கதவை மூடியதைக் காசாக அடித்துத் தள்ளினார்கள். பின்பக்கத்தில் அந்தச் சின்னக் கோயில், சாத்திய இரட்டைக் கதவு, மேலே ஒரு மாலை. சுற்றிலும் எழுத்து: ரோமானிய மக்களுக்கு நிலத்திலும் கடலிலும் அமைதியைப் பெற்றுத்தந்த பிறகு ஜேனஸை மூடினார். கோயில் இன்று இல்லை. அது எப்படி இருந்தது என்று நாம் தெரிந்துகொள்வது முக்கியமாக இந்தக் காசுகளிலிருந்துதான்.

பூசாரியாக நுழைந்தவர் செத்த பிறகு தெய்வமாகிவிடுவார், செனட் ஒப்புக்கொண்டால். அகஸ்டஸ் இறந்தபின் அடுத்த பேரரசர் திபேரியஸ் அடித்த அஸ் காசில் அவருக்குக் கதிர் வீசும் கிரீடம், 'தெய்வ அகஸ்டஸ், தந்தை' என்ற எழுத்து. (ஆனால் கதிர்க் கிரீடத்தைப் பார்த்ததும் 'ஆகா, தெய்வம்' என்று குதிக்க வேண்டாம். நீரோ காலத்திலிருந்து உயிரோடு இருக்கும் பேரரசருக்கும் அந்தக் கிரீடம் வருகிறது; டுபோண்டியஸை அஸிலிருந்து பிரித்துக்காட்ட, இரண்டு மதிப்பு என்பதற்கு அடையாளமாகப் பெரும்பாலும் அதைப் பயன்படுத்தினார்கள்.) அகஸ்டஸின் உருவத்துக்கு இருந்த மரியாதை எங்கே போய் நின்றது என்பதற்கு வரலாற்றாசிரியர் சுயடோனியஸ் ஒன்று சொல்கிறார்: அவர் முகம் பதித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பறைக்கோ விலைமாதர் வீட்டுக்கோ எடுத்துப்போனதே திபேரியஸ் காலத்தில் மரணதண்டனைக் குற்றமாகிவிட்டதாம். சில்லறையை எங்கே வைத்துவிட்டுப் போனார்களோ தெரியாது.

இரண்டாம் நூற்றாண்டில் இதற்கு ஒரு நிலையான படம் வந்துவிட்டது. 'கான்செக்ராட்டியோ', அதாவது தெய்வமாக்கல், என்று எழுதி, ஒரு கழுகோ, தட்டுத் தட்டாக அடுக்கிய சிதையோ போடுவார்கள். தெய்வங்களின் அரசனான ஜூபிடரின் பறவை கழுகு பேரரசரைத் தூக்கிப்போகும். அரசிக்கு ஜூனோவின் பறவையான மயில். சிதையின் உச்சியிலிருந்து உண்மையாகவே ஒரு கழுகைப் பறக்கவிடுவார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடியன் எழுதியிருக்கிறார். பேரரசர் அந்தோனினஸ் பயஸ், 140-ஐ ஒட்டி இறந்த தன் மனைவி ஃபவுஸ்டினாவுக்கு அடித்த நினைவுக் காசுகள் வகை வகையாக ஏராளம். இன்றும் சேகரிப்பவர்களுக்கு எளிதாகக் கிடைப்பவை. இவ்வளவு ஏற்பாட்டையும் ரோமானியர்கள் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். சாகும் நேரத்தில் பேரரசர் வெஸ்பாசியன் சொன்னது: 'அடடா, நான் தெய்வமாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறதே.'

மாகாண நகரங்கள் தங்களுக்கென்று வெண்கலக் காசு அடித்துக்கொண்டன, அங்கே உள்ளூர்ச் சாமிதான் ராஜா. எபேசஸ் காசில் அவர்களுடைய ஆர்ட்டெமிஸ். சைப்ரஸ் தீவின் பாஃபோஸ் காசில் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியின் கோயில், ஆனால் உள்ளே பெண் சிலை கிடையாது, ஒரு கூம்பு வடிவக் கல் மட்டும்தான். எல்லாவற்றிலும் விசித்திரம் இன்றைய துருக்கியில் இருந்த அபமேயா என்ற ஊரின் காசு. கி.பி. 200-ஐ ஒட்டித் தொடங்கி சில பேரரசர்கள் காலத்தில் வந்தது. ஒரு பெட்டிக்குள் ஆணும் பெண்ணும், மேலே பறவை, பெட்டியின் மேல் கிரேக்க எழுத்தில் 'நோவே'. ஆமாம், பைபிளில் வரும் அதே நோவா, பேழையோடு. அந்த ஊருக்குப் 'பெட்டி' என்று பொருள்படும் பட்டப்பெயர் ஏற்கெனவே இருந்தது, யூதர்களும் கணிசமாக வாழ்ந்தார்கள், இரண்டும் சேர்ந்து ஒரு ரோமானியப் பேரரசரின் முதுகுப் பக்கத்தில் நோவா வந்து உட்கார்ந்துவிட்டார்.

படம் அரசுடையது என்றாலும் காசை மக்கள் தங்கள் வழியிலும் தெய்வத்திடம் கொண்டுபோனார்கள். இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றில், சூலிஸ் மினர்வா என்ற தெய்வத்துக்காகப் போட்ட 12,000-க்கும் மேற்பட்ட ரோமானியக் காசுகள் கிடைத்தன. செத்தவர் வாயில் காசு வைத்துப் புதைக்கும் வழக்கமும் இருந்தது, அக்கரைக்குக் கொண்டுபோகும் ஓடக்காரனுக்குக் கூலி. நெற்றியில் காசு ஒட்டும் நம் வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

இனி கிறிஸ்தவம் வரும் கதை. பேரரசர் கான்ஸ்டன்டைன் 312-இல் மில்வியன் பாலச் சண்டையில் வென்றதும் காசெல்லாம் சிலுவையாக மாறிவிட்டது என்று நினைத்துத் தேடினால் ஏமாற்றம்தான். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அவருடைய வெண்கலக் காசில் மிக அதிகமாகத் தெரிவது சூரியன்: கதிர்க் கிரீடம், தூக்கிய வலக்கை, 'துணைவனான வெல்லமுடியாத சூரியனுக்கு' என்ற எழுத்து. பிறகு சூரியன் மெல்ல மறைகிறான், அந்த இடத்தில் உடனே கிறிஸ்து வரவில்லை. முகாம் வாசல், கொடி பிடித்த சிப்பாய்கள் என்று யாரையும் புண்படுத்தாத படங்கள் வருகின்றன. 327-ஐ ஒட்டி கான்ஸ்டான்டிநோபிளில் அடித்த ஒரு அபூர்வமான சின்னக் காசில்தான் விஷயம் வெளிப்படுகிறது. ஒரு படைக்கொடி, அதன் உச்சியில் கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளைப் பின்னிய குறி, கொடிக்கம்பின் கீழ்முனை ஒரு பாம்பைக் குத்துகிறது. எழுதியிருப்பது 'ஸ்பெஸ் பப்ளிகா', மக்களின் நம்பிக்கை. பூவோடு உடை தூக்கி நடந்த அந்தப் பெண் போய்விட்டாள், அவள் பெயர் மட்டும் இருக்கிறது. சலுஸ் கிண்ணத்தில் ஊட்டி வளர்த்த பாம்பு இப்போது எதிரி.

கான்ஸ்டன்டைன் 337-இல் இறந்தபோது மகன்கள் அடித்த காசு இன்னும் தெளிவு. முன்பக்கம் முக்காடு போட்ட தலை, 'தெய்வ' என்ற பழைய பட்டம் அப்படியே. பின்பக்கம் நான்கு குதிரைத் தேரில் அவர் மேலே போகிறார், வானத்திலிருந்து ஒரு கை நீண்டு அவரை வாங்கிக்கொள்கிறது. கழுகின் வேலையைக் கடவுளின் கை எடுத்துக்கொண்டது, மற்றபடி கான்செக்ராட்டியோதான். இது சுண்டுவிரல் நகம் அளவே உள்ள காசு, விலையும் குறைவு. தொடக்கநிலைச் சேகரிப்பாளர் ஒருவர் வாங்க நான் சொல்வது இதைத்தான். பிறகு 353-ஐ ஒட்டி மேற்கே கலகம் செய்த மக்னென்டியஸ், காசின் பின்பக்கம் முழுவதையும் அடைத்து அந்தக் கிறிஸ்து குறியைப் போட்டு, இருபுறமும் கிரேக்க எழுத்து வரிசையின் முதலும் கடைசியுமான ஆல்பா, ஒமேகா வைத்தார். சுற்றியிருந்த முதல் சொல் என்ன தெரியுமா? சலுஸ்.

நடுவில் பேரரசர் ஜூலியன் வந்து (361–363) பழைய தெய்வங்களுக்குத் திரும்பப் பார்த்தார். அவருடைய பெரிய வெண்கலக் காசில் ஒரு காளை, மேலே இரண்டு நட்சத்திரம். அது எந்தக் காளை என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். கிழக்கே இருந்த அந்தியோக்கியா நகர மக்களுக்கு அந்தச் சந்தேகம் எல்லாம் இல்லை, பார்த்ததும் கேலி செய்தார்கள்.

தப்பிப் பிழைத்தவள் ஒருத்தி உண்டு, விக்டோரியா, சிறகு வைத்த வெற்றித் தெய்வம். செனட் மண்டபத்தில் இருந்த அவளுடைய பலிபீடத்தை 382-இல் பேரரசர் கிரேஷியன் அகற்றினார். ஆனால் காசிலிருந்து அவளை எடுக்கவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த, ஒரு கிராம் அளவே எடையுள்ள பொடிக் காசுகளில், தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்து கைதி ஒருவனை இழுத்துக்கொண்டு அவள் நடக்கிறாள், பக்கத்து வெற்றிடத்தில் கிறிஸ்து குறி. எழுத்து 'சலுஸ் ரெய்பப்ளிகே', அரசின் நலம். அந்தக் காலத்துப் பொடிச் செப்புக் காசுகள் கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் கிடைத்திருக்கின்றன, இலங்கையில் இன்னும் அதிகம். இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே நகலும் அடித்திருக்கிறார்கள். நகலில் எழுத்து வெறும் கோடுகளாகிவிட்டது, உருவங்கள் குச்சி மனிதர்கள். அடித்தவருக்கு அது எந்தச் சாமி என்று கவலை இருந்த மாதிரி தெரியவில்லை. சந்தையில் செல்லுபடியாகிற காசு மாதிரி இருந்தால் போதும்.